தானியம் இல்லாத பிறந்தநாள் கேக்: எந்த இடத்தில் சொதப்பியது?

அக்கா மகளுக்கு ஆறாவது பிறந்தநாள் வருவதற்கு மூன்று மாதம் முன்னால்தான் சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆயுசுக்கும் ஆகாது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு அல்வா சாப்பிட முடியாத பிள்ளை; அந்த அல்வாவே கோதுமைப் பாலில் கிண்டுவதுதானே. முதலில் அரிசி மாவில் ஒரு கேக் செய்து பார்த்தேன். அன்றைக்கு நன்றாக இருந்தது, மறுநாள் புட்டாக உதிர்ந்தது. அத்தான் வேறு தானியமே சேர்க்காத பேலியோ உணவுமுறைக்கு மாறி அரிசியையும் விட்டிருந்தார். அப்பாவும் மகளும் ஒரே கேக்கைச் சாப்பிட வேண்டும் என்றால் எந்தத் தானியமும் இல்லாமல் பாதாமில்தான் செய்ய முடியும் என்று ஆயிற்று.

பிறந்தநாள் காலையில் ஓவனிலிருந்து எடுத்தபோது கேக் கும்மென்று இருந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆப்பச்சட்டி போலக் குழிந்து கிடந்தது. கிரீமைப் போட்டு மூடிவிட்டேன். பிள்ளை வெட்டி வாயில் போட்டுக்கொண்டு, "சித்தி, நடுவுல அல்வா மாதிரி இருக்கு" என்றாள், ரொம்பச் சந்தோஷமாக.

அதற்குப் பிறகு இந்தக் கேக்கை நாற்பது தடவையாவது சுட்டிருப்பேன். கெட்ட விதங்களையும் காரணங்களையும் கீழே எழுதியிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க என் அளவு: பாதாம் மாவு 250 கிராம், ஓடு நீக்கிய முட்டை 250 கிராம், சர்க்கரை 180 கிராம், உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 60 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், ஒரு எலுமிச்சையின் தோல் துருவல். மஞ்சள் கருவைப் பாதி சர்க்கரையோடு வெளுக்கும்வரை அடித்து, வெண்ணெயும் பாதாமும் பேக்கிங் பவுடரும் கலந்து, மீதிச் சர்க்கரையோடு நுரைத்த வெள்ளைக் கருவை மூன்று தவணையாக மடித்துச் சேர்க்க வேண்டும். 7 அங்குல வட்ட டின், 160 டிகிரி, 45 முதல் 50 நிமிடம்.

முட்டையை எண்ணிக்கையில் சொல்லாமல் எடையில் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுக் குறிப்புகளில் "பெரிய முட்டை 5" என்று இருந்தால் ஓடு நீக்கி ஒன்றுக்கு 50 கிராம் என்று கணக்கு. நம் கடையில் கிடைக்கும் முட்டை பெரும்பாலும் ஓட்டோடு சேர்த்தே அவ்வளவுதான் வரும். அதே 5 முட்டையை இங்கே உடைத்துப் போட்டால் கிட்டத்தட்ட அரை முட்டை குறைந்துபோகும். மைதா கேக் அதைக் கண்டுகொள்ளாது. மாவில் இருக்கும் ஸ்டார்ச்சும், சீலியாக் உள்ளவர்களுக்கு ஆகாத குளூட்டன் என்ற பசைப் புரதமும் எப்படியாவது தாங்கிப் பிடித்துவிடும். பாதாமில் பாதி கொழுப்பு, அதற்குத் தன்னைத் தாங்கவே தெம்பு கிடையாது. வேகும்போது இறுகுகிற முட்டை ஒன்றுதான் இந்தக் கேக்கின் தூண். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி, அந்தத் தூணை நாம் எங்கேயோ ஆட்டிவிட்டதால் வருவதுதான்.

நடுவில் குழி விழுகிறது

எப்போது விழுந்தது என்று முதலில் யோசியுங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஓவனுக்குள்ளேயே, அரை மணி நேரத்துக்குள் எழும்பி அமுங்கினால் காற்று அதிகம். பேக்கிங் பவுடரைத் தாராளமாகப் போட்டிருப்பீர்கள், அல்லது வெள்ளைக் கருவைப் பஞ்சு பஞ்சாகப் பிரியும்வரை அடித்திருப்பீர்கள். நுரையைத் தூக்கினால் அதன் நுனி லேசாக வளைய வேண்டும். விறைத்து நின்று, ஓரத்தில் தண்ணீர் விட ஆரம்பித்தால் எல்லை தாண்டிவிட்டது. இடையில் கதவைத் திறந்து பார்த்தாலும் இதே கதி. முதல் 35 நிமிடம் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீரே அங்கே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவென்பதால் கேக் சட்டென்று எழும்பி, முட்டை இறுகுவதற்கு முன்பே சரியும். அங்கே இருப்பவர்கள் பேக்கிங் பவுடரைப் பாதியாக்குங்கள்.

வெளியே எடுத்து கால் மணி நேரத்தில் விழுந்தால் நடுவில் வேகவில்லை. என் முதல் கேக் இந்த ரகம். குச்சி சுத்தமாக வந்ததே என்று அன்றைக்குப் புலம்பினேன். பாதாம் கேக்கில் குச்சியை நம்பக் கூடாது. அதன் கொழுப்பில் குச்சி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நடுவில் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழாமல் மேலே திரும்பி வர வேண்டும். ஓரம் டின்னை விட்டு ஒரு நூல் அளவு விலகியிருக்க வேண்டும். காதைக் கிட்டே கொண்டுபோனால் இன்னொரு தடயம் கிடைக்கும். வேகாத கேக் சுர்ரென்று நுரை உடையும் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும், வெந்தது ஏறக்குறைய அடங்கிவிடும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் பஞ்சாயத்தே இல்லை: நடுவில் 96 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம்.

ஓவனின் திருகு சொல்லும் சூட்டையும் நம்பாதீர்கள். என்னுடையது 160 என்று வைத்தால் உள்ளே 140தான் இருந்தது. உள்ளே தொங்கவிடும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்த பிறகுதான் இது தெரிந்தது. அதுவரை முட்டையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறிய பிறகு அரை அங்குலம் தணிந்தால் அது கோளாறே இல்லை. இந்தக் கேக் அப்படித்தான் அடங்கும். கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தை மேலாக்கினால் ரசமட்டம் வைத்த மாதிரி இருக்கும்.

நடுவில் நிஜமாகவே வேகாமல் போய், நேரமும் இல்லையா? எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து நடுப்பகுதியை வட்டமாக வெட்டி எடுத்துவிடுங்கள். வளையக் கேக் ஆகிவிடும், ஓட்டையில் மாதுளையோ மாம்பழமோ நிரப்பலாம். வெட்டி எடுத்த ஈரப் பகுதியை வாணலியில் நெய் விட்டுச் சுருளக் கிளறினால் பாதாம் அல்வா. பிள்ளை அன்றைக்குச் சொன்னது சரிதான்.

அடியில் கெட்டியாக ஒரு பட்டை

வெட்டிய துண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே பஞ்சு, கீழே அரை அங்குலத்துக்குக் களி மாதிரி பட்டை இருந்தால் கலவை டின்னுக்குள் பிரிந்திருக்கிறது. வெண்ணெயைச் சூடாக ஊற்றியிருக்கலாம். அது நுரையைக் கொன்று அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அல்லது கலவையைத் தயார் செய்துவிட்டு ஓவன் சூடாகக் காத்திருந்திருப்பீர்கள். தோசை மாவு காத்திருக்கும், இது காத்திருக்காது. ஓவனை முதலில் போட்டுவிட்டுப் பிறகு முட்டையை உடையுங்கள். வெள்ளைக் கரு நுரைக்கவே இல்லை என்றால் பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்திருக்கும். பிளாஸ்டிக் பாத்திரம் அதை விடாது. எவர்சில்வர் பாத்திரத்தை எலுமிச்சை மூடியால் துடைத்துவிட்டு அடியுங்கள்.

டின்னில் எண்ணெய் கசிகிறது, கேக் பிசுபிசுக்கிறது

இது அரைக்கும்போதே நடந்த தவறு. மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டினால் பாதாம் சூடாகி எண்ணெய் விடும். அப்புறம் அது மாவு இல்லை, விழுது. நான் செய்வது: கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து, 100 கிராம் 100 கிராமாக, சர்க்கரையில் ஒரு கை சேர்த்து, விட்டு விட்டுச் சுற்றுவது. சர்க்கரை எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சலித்து, மேலே நிற்பதை மறுபடி அரைப்பது.

ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். கொழுக்கட்டை போலப் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிர வேண்டும். கையில் பளபளப்பு ஒட்டினால் அந்த மாவு கேக்குக்கு ஆகாது. சர்க்கரைப் பாகில் போட்டு வில்லை வெட்டிக்கொள்ளுங்கள். நம் ஸ்வீட் கடைகளில் பாதாம் கேக், முந்திரி கேக் என்று காலங்காலமாக விற்பதும் அதுதானே. முட்டை இல்லாமல், தானியமும் இல்லாமல் கேக் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் கைகாட்டுகிறேன். தூணே இல்லாமல் வீடு கட்டித்தரச் சொன்னால் எப்படி?

மேலே கருகுகிறது, உள்ளே பச்சையாக இருக்கிறது

பாதாம் மைதாவை விடச் சீக்கிரம் சிவக்கும். 180 டிகிரியில் சுட்டால் 25 நிமிடத்தில் மேலே வெந்த நிறம் வந்துவிடும், உள்ளே கூழாக இருக்கும். 160ஐத் தாண்டாதீர்கள். தேன் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். 150 போதும், நேரத்தைக் கூட்டுங்கள். மேலே பொன்னிறம் வந்ததும் அலுமினியத் தாளைக் கூடாரம் போலக் கவிழ்த்துவிடுங்கள். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும் ஓவனில் டின்னைக் கீழ்த் தட்டில் வைப்பது நல்லது.

வெட்டும்போது பொலபொலவென்று உதிர்கிறது

பெரும்பாலும் பொறுமையின்மைதான். சூட்டில் இருக்கும்போது உள்ளே கொழுப்பெல்லாம் உருகிக் கிடக்கிறது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. டின்னிலேயே 20 நிமிடம், பிறகு கம்பித் தட்டில் முழுக்க ஆறும்வரை, பிறகு சுற்றி மூடி ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி. மறுநாள் அடுக்காகப் பிளக்கக் கத்தியே வேண்டாம். கேக்கைச் சுற்றி நூலைக் கட்டி, குறுக்கே இழுத்தால் அவித்த முட்டை போல வழவழவென்று வெட்டும். பிறந்தநாளுக்கு முந்தின நாளே சுட்டுவிடுங்கள். மைதா கேக் பழசாகும், பாதாம் கேக் மறுநாள்தான் ருசியே.

குளிர்ந்த பிறகும் உதிர்ந்தால் முட்டை எடை குறைந்திருக்கிறது, இல்லையேல் மாவு ரவையாக நிற்கிறது. இரண்டு டேபிள்ஸ்பூன் பாதாமுக்குப் பதில் அதே அளவு கூவைக்கிழங்கு மாவு சேர்த்தால் பிடிப்பு வரும். அதிகம் போனால் ஜவ்வென்று இழுக்கும். மரவள்ளி மாவுக்கும் இதே எச்சரிக்கை.

தொண்டையை அடைக்கிறது

தேங்காய் மாவு. பாதாமின் விலையைப் பார்த்துப் பாதிக்குப் பாதி இதைக் கலந்திருப்பீர்கள். இது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் சரக்கு. ஒரு கப் பாதாம் மாவுக்குப் பதில் கால் கப் தேங்காய் மாவே ஏராளம், அதற்கும் கூடுதலாக ஒரு முட்டையும் இரண்டு ஸ்பூன் தேங்காய்ப் பாலும் வேண்டும். கலந்து ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தால் கலவை எவ்வளவு இறுகுகிறது என்று தெரியும். நுரையை அதற்குப் பிறகு சேருங்கள்.

முட்டைக் கவிச்சி அடிக்கிறது

ஐந்து ஆறு முட்டை போகும் கேக்கில் இந்தப் புகார் வராமல் இருக்காது, அதுவும் மாமியார் வீட்டில் செய்தால். வாடையில் பெரும்பகுதி, வேண்டியதற்கு மேல் வெந்த வெள்ளைக் கருவின் கந்தக நெடி. பத்து நிமிடம் குறைத்துப் பாருங்கள். எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் துருவல், ஏலக்காய், சாக்லேட் கேக் என்றால் ஒரு ஸ்பூன் காபித் தூள். வெனிலா எசன்ஸை மட்டும் ஊற்றினால் வெனிலா வாசனையோடு கவிச்சியும் அடிக்கும்.

உள்ளே பச்சையாக நிறம் மாறியிருக்கிறது

பூசணம் இல்லை, பயப்படாதீர்கள். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்காகச் சூரியகாந்தி விதையை அரைத்துச் சுட்டிருப்பீர்கள். அந்த விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சமையல் சோடாவின் காரத்தோடு சேர்ந்தால் பச்சையாகும். சாப்பிட ஒன்றும் செய்யாது. சோடாவைக் குறைத்து ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் வராது. இல்லாவிட்டால் டைனோசர் கேக் என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

ஐசிங் நறநறக்கிறது, நாக்கில் சில்லென்று இருக்கிறது

அத்தானுக்கென்று தனியாகச் சர்க்கரை இல்லாமல் ஒரு சின்னக் கேக் செய்வேன். அதில் சர்க்கரைக்குப் பதில் எரித்ரிடால் என்ற மாற்று இனிப்பு. அந்தச் சில்லிப்பு அதன் பிறவிக்குணம், ஏலக்காயும் சாக்லேட்டும் ஓரளவு மறைக்கும். நறநறப்புக்கு வழி இருக்கிறது: குளிர்ந்தால் இது திரும்பவும் கல்கண்டாகக் கட்டும், எனவே மிக்ஸியில் மாவாகப் பொடித்துச் சலித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இனிப்பு சர்க்கரையில் 70 சதவீதம்தான். கேக் சிவக்காது, நிறத்தை வைத்து வெந்ததா என்று பார்க்காதீர்கள். ஈரத்தையும் சர்க்கரை அளவுக்குப் பிடித்துவைக்காது. இரண்டு நாளில் காய்ந்துவிடும்.

கிரீம் நிற்கவில்லை, வழிகிறது

டெட்ரா பேக்கில் வரும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம். விடிய விடிய அடித்தாலும் நிற்காது. விப்பிங் கிரீம் என்று கேட்டு, 35 சதவீதம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எங்கள் தூத்துக்குடி மே மாதத்தில் அதுவும் மேசையில் பத்து நிமிடம் தாங்காது. வெயில் காலத்தில் நான் சாக்லேட் கனாஷ்தான்: இரண்டு பங்கு டார்க் சாக்லேட், ஒரு பங்கு சூடான கிரீம்.

கடையில் வாங்கும் ஐசிங் சுகரிலும் பேக்கிங் பவுடரிலும் பெரும்பாலும் மக்காச்சோள ஸ்டார்ச் இருக்கும். சீலியாக் உள்ளவர்களுக்கு அது ஆகும். தானியமே வேண்டாம் என்பவருக்கு ஆகாது. சர்க்கரையை வீட்டில் பொடித்துக்கொள்ளலாம். பேக்கிங் பவுடருக்குச் சமையல் சோடா ஒரு பங்கு, கிரீம் ஆஃப் டார்டார் இரண்டு பங்கு, கூவைக்கிழங்கு மாவு ஒரு பங்கு.

அலங்காரத்துக்கு மேலே எங்கள் ஊர் மக்ரூனை நிறுத்துவேன். முந்திரி, சர்க்கரை, வெள்ளைக் கரு, அவ்வளவுதான். யாரும் டயட் என்று பேசாத காலத்திலிருந்தே தானியம் இல்லாத பலகாரம். ஆனால் பேக்கரியில் வாங்குவதில்லை, வீட்டிலேயே போடுகிறேன். ஏன் என்பதற்குத்தான் அடுத்த பகுதி.

கேக் நன்றாக வந்தது, பிள்ளைக்கு ராத்திரி வயிற்று வலி

மற்ற கோளாறு எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. குளூட்டன் இல்லாதது என்று எழுத நம் நாட்டு உணவுத் தர விதி அனுமதிப்பது ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைதான். ஒரு சிட்டிகை மைதா அந்தக் கணக்கைத் தாண்டிவிடும்.

பின்னோக்கி நடந்து பாருங்கள். பாதாமை மாவு மில்லில் அரைத்தீர்களா? அதே கல்லில்தான் காலையில் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். சலித்த சல்லடை வழக்கமாகக் கோதுமை மாவு சலிப்பதா? சல்லடைக் கண்ணில் உள்ள மாவு எவ்வளவு கழுவினாலும் போகாது. புதிதாக ஒன்று வாங்கி அதற்கென்று வைத்துவிடுங்கள். மரக்கரண்டியும் அப்படியே. டின்னில் வெண்ணெய் தடவிப் பழக்க தோஷத்தில் மைதா தூவினீர்களா? பிரெட்டில் தடவிய கத்தி போன வெண்ணெய் டப்பாவா? சாக்லேட்டின் உறையில் "கோதுமை இருக்கலாம்" என்று பொடி எழுத்தில் இருக்கிறதா? பேக்கரி மக்ரூனில் கோதுமை இல்லை, ஆனால் அதே மேசையில் மைதா பறக்கிறது.

வீட்டாரின் அன்பு இன்னொரு வழி. "மைதா போடலம்மா, கோதுமை மாவுதான், பிள்ளைக்குக் குடு" என்று பக்கத்து வீட்டு ஆச்சி பிஸ்கட்டை நீட்டுவார். மைதா கெட்டது, கோதுமை நல்லது என்று ஊரே பேசும்போது, மைதாவும் கோதுமைதான் என்று ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏழாவது பிறந்தநாளில் நான் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன். விருந்தாளிகளுக்கென்று கடைக் கேக் ஒன்றும் வாங்கியிருந்தோம். விளக்கணைத்து, மெழுகுவர்த்தி ஊதி, எல்லோரும் கைதட்ட, யாரோ உதவிக்கு வந்தவர் கடைக் கேக்கை வெட்டிவிட்டு அதே கத்தியோடு பிள்ளையின் கேக்குக்கு நகர்ந்தார். வெள்ளைக் கிரீமில் பழுப்பாக நான்கைந்து துகள், அவ்வளவுதான். அந்த ஓரத்தை வெட்டி ஒதுக்கியதோடு விட்டேன். அது போதவில்லை என்பது ராத்திரி பதினொரு மணிக்குத் தெரிந்தது.

இப்போது பிள்ளையின் கேக் முதலில், தனி மேசையில். கத்தியின் பிடியில் ஊதா ரிப்பன் கட்டியிருக்கும். ரிப்பனை அவளே கட்டுவாள். யாராவது கையை நீட்டினால், "அது என் கத்தி" என்று அவளே வாங்கி வைத்துக்கொள்வாள்.